அணி மாறி அணி மாறி ஆடும் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரரின் தொழில் வாழ்வைப் படிப்பது எப்படி?

பெங்களூருவில் ஐஸ் ஹாக்கி பார்க்கும் தமிழர்களில் பலருக்கு அந்த ஆட்டம் வேலை வழியாகவோ உறவு வழியாகவோ வந்து சேர்ந்ததாகவே இருக்கும். டொராண்டோ அலுவலகத்தோடு சேர்ந்து இரவுப் பணி பார்த்தவர்கள், ஸ்கார்பரோவில் அத்தையோ சித்தப்பாவோ குடியிருப்பவர்கள், ஓரிரு ஆண்டுகள் கனடாவில் இருந்துவிட்டு வைட்ஃபீல்டுக்கோ எலெக்ட்ரானிக் சிட்டிக்கோ திரும்பியவர்கள் ஆகியோருக்கு நட்சத்திரங்களான சிட்னி கிராஸ்பியையும் கானர் மெக்டேவிட்டையும் யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அணியின் கடைசி வரிசையான நான்காவது வரிசையில் ஒன்பது நிமிடம் ஆடிவிட்டு, அடுத்த மாதம் வேறோர் ஊரிலும் அடுத்த ஆண்டு வேறொரு நாட்டிலும் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரின் பெயர் வந்தால் நம் கண் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. அந்த ஆட்டக்காரரை ஊன்றிப் படிக்க விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இந்த விளையாட்டு ஒரு தொழிலாக எப்படி நடக்கிறது என்பதை நட்சத்திரங்களைவிட இவர்கள்தாம் நமக்குத் தெளிவாகக் காட்டுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

கர்நாடகத்துக்கு ஆடிவந்த ராபின் உத்தப்பா பின்னர் சௌராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் போய் ரஞ்சி ஆடியதை நாம் பார்த்திருக்கிறோம். அவர் தோற்றுப்போனதால் மாநிலம் மாறினார் என்று யாரும் சொல்லவில்லை. ஓரிடத்தில் இடம் நெருக்கடியானபோது அவருடைய அனுபவம் இன்னோரிடத்தில் தேவைப்பட்டது. ஐஸ் ஹாக்கியில் அணி மாறுகிறவரையும் இந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்குவதே முதல் படி.

ஏட்டைத் தொடங்குதல்

ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்திலோ எக்செல் தாளிலோ ஆறு பத்திகள் போடுங்கள்: சீசன், வயது, அணி, லீக், ஆடிய ஆட்டங்கள், அந்த அணிக்கு அவர் வந்த வழி. முதல் ஐந்தும் எலைட் பிராஸ்பெக்ட்ஸ், ஹாக்கி டிபி போன்ற தளங்களில் ஆயத்தமாகக் கிடைத்துவிடும். ஆறாவது பத்திதான் இந்த ஏட்டின் உயிர். டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எடுக்கப்பட்டாரா, வேறோர் ஆட்டக்காரருக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டாரா, ஒப்பந்தம் முடிந்து தாமாகச் சேர்ந்தாரா, வேவர் பட்டியலிலிருந்து (ஓர் அணி விடுபவரைப் பிற அணிகள் எடுத்துக்கொள்ளக்கூடிய பட்டியல்; விளக்கம் பின்னால் வரும்) எடுக்கப்பட்டாரா, சோதனை ஒப்பந்தத்தில் வந்து நிலைத்தாரா என்பதை அணிகளின் அறிவிப்புகளிலும் அந்தந்த ஊர்ச் செய்தித்தாள்களின் பழைய பக்கங்களிலும் தேடித்தான் நிரப்ப வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். கோல்களையும் கோலுக்கு உதவிய கணக்கையும் இப்போதைக்கு எழுத வேண்டாம். அவற்றை முதலில் எழுதினால் மனம் அவற்றையே சுற்றும்.

ஒரே சீசனுக்கு மூன்று வரிகள் வருவது இவர்களிடம் சாதாரணம். அதற்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒரே நிறுவனத்துக்குள் மேலும் கீழும் போய்வந்திருக்கலாம். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸுக்கு டொராண்டோ மார்லீஸ், மான்ட்ரியல் கனேடியன்ஸுக்கு லவால் ராக்கெட் என்று ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே இணை அணி ஒன்று இருக்கிறது. இல்லையென்றால் அவர் உண்மையிலேயே மூன்று முதலாளிகளிடம் வேலை பார்த்திருக்கலாம். எந்த அணி எதனோடு இணைந்தது என்பதைப் பார்க்காமல் வரிகளை மட்டும் எண்ணுகிறவர், ஓரிடத்திலேயே நிலைத்து நின்ற ஒருவரையும் அலைந்து திரிந்தவராகக் கணக்கில் எழுதிவிடுவார்.

வட அமெரிக்க ஏணியின் உச்சியில் 32 அணிகள் கொண்ட என்எச்எல் (நேஷனல் ஹாக்கி லீக்) இருக்கிறது. அதற்குக் கீழே, இணை அணிகள் ஆடும் 32 அணி லீகான ஏஎச்எல்லும் (அமெரிக்கன் ஹாக்கி லீக்), அதற்கும் கீழே ஈசிஎச்எல்லும் இருக்கின்றன. என்எச்எல் அணி ஒன்றின் பட்டியலில் அதிகபட்சம் 23 பேர், ஆட்ட நாளில் களமிறங்கத் தகுதி பெறுவோர் 20 பேர் மட்டுமே. ஆக, உலகின் தலைசிறந்த லீகில் மொத்தம் 736 இடங்கள்தாம். கீழ் லீக்குகளில் ஒரு சீசனுக்கு 72 ஆட்டங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் அடுத்தடுத்து ஆடி, இடையில் பேருந்தில் உறங்கும் வார இறுதிகளும் அவற்றில் அடங்கும்.

ஒப்பந்தத்தைப் படித்தல்

நம் ஆட்டக்காரரின் வாழ்க்கையில் பெரும்பகுதி இருவழி ஒப்பந்தத்தில்தான் கழியும். மேல் லீகில் இருக்கும் நாள்களுக்கு ஒரு சம்பளம், கீழ் லீகில் இருக்கும் நாள்களுக்கு வேறு சம்பளம் என்பதே அதன் சாரம். சம்பளம் நாள் கணக்கில் சேர்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். 2025–26 சீசனில் என்எச்எல்லின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 டாலர். சீசன் ஏறத்தாழ 190 நாள் என்று கொண்டால், நாளொன்றுக்கு 4,000 டாலருக்குச் சற்று மேல் வருகிறது. அதே ஒப்பந்தத்தில் ஏஎச்எல் சம்பளம் 1,00,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 530 டாலரைக்கூடத் தொடாது. யாரோ ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கியதால் இவர் பத்து நாள் மேலே போய், அங்கே ஓர் ஆட்டத்தில்கூடக் களமிறங்காமல் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தாலும், கீழே ஓராண்டு முழுவதும் ஆடிச் சம்பாதிப்பதில் ஐந்தில் இரண்டு பங்கு அந்தப் பத்து நாளில் சேர்ந்துவிடுகிறது. ஆட்டப் பத்தியில் பூஜ்யம் நிற்கும் ஒரு வரிக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வீட்டுக் கடன் அடைந்திருக்கலாம். இதனால்தான் ஆடிய ஆட்டங்களோடு, பட்டியலில் இருந்த நாள்களையும் தெரிந்த அளவுக்குப் பக்கத்தில் குறித்துவைக்கச் சொல்கிறேன்.

எத்தனை நாள் மேலே இருந்தாலும் மொத்தத்தில் இவ்வளவுக்குக் குறையாமல் கொடுப்போம் என்ற உத்தரவாதத் தொகையையும் சில இருவழி ஒப்பந்தங்களில் சேர்த்திருப்பார்கள். செய்தியில் அந்தத் தொகை வந்திருந்தால் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். இவரை அந்த அணி எவ்வளவு மதிக்கிறது என்பதை ஆண்டுச் சம்பளத்தைவிட அது நேர்மையாகச் சொல்லும்.

வேவரைப் படித்தல்

புதிதாகப் பார்ப்பவர்களைத் திணறடிக்கும் விதி இதுதான். அனுபவம் கூடிய ஆட்டக்காரர் ஒருவரை ஏஎச்எல்லுக்கு இறக்க வேண்டுமென்றால், முதலில் அவரை வேவர் பட்டியலில் வைக்க வேண்டும்; மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் 24 மணி நேரத்துக்குள் அவரைத் தனதாக்கிக்கொள்ளலாம். யாரும் எடுக்காவிட்டால் மட்டுமே அவர் கீழே போவார். கிழக்கு அமெரிக்க நேரம் பிற்பகல் 2 மணிக்குப் பட்டியல் மாறும். நமக்கு அது குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30, கோடைக்கணக்கு நேரம் நடக்கும் மாதங்களில் இரவு 11.30.

ஒருமுறை வேவரைக் கடந்தவர் மறுபடி மேலே வந்தால், பத்து ஆட்டங்கள் ஆடும் வரையிலோ பட்டியலில் முப்பது நாள் இருக்கும் வரையிலோ மீண்டும் வேவர் இல்லாமலே அவரை இறக்கலாம். ஒன்பது ஆட்டம் ஆடிவிட்டு இறங்கினார் என்று ஒரு வரி கண்ணில் பட்டால், அது தற்செயலா என்று நின்று பாருங்கள். பத்தாவது ஆட்டத்தை ஆடவிட்டால் வேறோர் அணி அவரை எடுத்துக்கொள்ளும் என்று அவருடைய மேலாளர் அஞ்சியிருக்கலாம். அப்படியானால் அந்த இறக்கம் அவருக்கான தேவையின் அடையாளம். பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்களிடம் காணும் ஒன்பது ஆட்டங்களுக்குக் காரணமே வேறு. பத்தாவது ஆட்டத்தோடு அவர்களுடைய முதல் ஒப்பந்தத்தின் ஓராண்டு கழிந்துவிடும் என்பதால் அணிகள் அங்கே நிறுத்திக்கொள்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இவை எல்லாம் ஒரே ஏட்டில் எப்படி விழுகின்றன என்பதற்கு மைக்கேல் லெய்ட்டன் என்ற கோல்கீப்பரைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. 1999 டிராஃப்டின் ஆறாம் சுற்றில் சிகாகோ அவரை எடுத்தது. 2006–07 என்ற ஒரே சீசனில் நாஷ்வில், பிலடெல்பியா, மான்ட்ரியல் ஆகிய மூன்று அணிகளும் அடுத்தடுத்து வேவர் வழியே அவரை எடுத்தன. ஆட்டக் கணக்கை மட்டும் பார்த்தால் அது வீணான ஆண்டு. ஆறாவது பத்தியைப் பார்த்தால் அவசரத்துக்கு ஒரு கோல்கீப்பர் தேவைப்பட்ட மூன்று மேலாளர்கள் தனித்தனியே அவரை நம்பிய ஆண்டு. 2008 ஏப்ரல் 24 அன்று ஏஎச்எல் பிளேஆஃபில், ஆல்பனி அணிக்காக ஐந்தாவது கூடுதல் நேரம் வரை நின்று 98 ஷாட்டுகளைத் தடுத்தார்; ஆட்டம் 3–2 என்று கைவிட்டுப் போயிற்று. 2009 டிசம்பரில் கரோலினா அவரை வேவரில் வைத்தபோது பிலடெல்பியா மறுபடியும் எடுத்தது. அடுத்த மே மாதம் பாஸ்டனுக்கு எதிரான தொடரில் முதன்மைக் கோல்கீப்பர் காயமடைய, இவர் உள்ளே வந்தார். மூன்று ஆட்டம் பின்தங்கியிருந்த அணி அந்தத் தொடரை 4–3 என்று வென்றது. அடுத்து மான்ட்ரியலுக்கு எதிரான ஐந்து ஆட்டங்களில் மூன்றில் ஒரு கோலும் விடவில்லை. என்எச்எல் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரில், தம்மை முதலில் எடுத்த அதே சிகாகோவிடம் 2010 ஜூன் 9 அன்று கூடுதல் நேரக் கோலில் தோற்றார்.

அதற்கடுத்த சீசனின் வரியைப் பாருங்கள்: முதுகில் அறுவைச் சிகிச்சை, மேலே ஒரே ஓர் ஆட்டம், வேவர், கீழே அடிராண்டாக் அணி. இறுதித் தொடர் ஆடி எட்டு மாதம் ஆவதற்குள் 29 அணிகளும் அவரை வேண்டாமென்று கடந்து போயின. அன்று என்எச்எல்லில் 30 அணிகள்தாம் இருந்தன. இதைப் படித்துவிட்டு அவருக்காக வருந்துவது இயல்பு. ஆனால் ஏட்டை மூடிவிடாதீர்கள். அவர் அதன்பின் பல ஆண்டுகள் ஆடி, ஏஎச்எல் வரலாற்றிலேயே அதிக ஆட்டங்களில் கோல் விடாத கோல்கீப்பராக, ஐம்பது ஷட்-அவுட் என்ற கணக்கோடு ஓய்வு பெற்றார்.

களத்தில் அவர் செய்யும் வேலை

இப்போது ஆட்டத்துக்கு வரலாம். ஒரு முறை பனித்தளத்தில் இறங்கினால் ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டிய ஆட்டம் இது. நான்காவது வரிசைக்காரர் இறங்கும் அந்தச் சில நொடிகளில் பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) பெரும்பாலும் எதிரணியிடமே இருக்கும். அவர் இறங்கும்போது யார் எதிரே நிற்கிறார்கள், தம் அணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில் இருக்கும்போது இவரை அனுப்புகிறார்களா, தம் கோல் பக்கத்தில் நடக்கும் ஃபேஸ்-ஆஃபுக்கு (நடுவர் இருவருக்கிடையே பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) இவரைக் கூப்பிடுகிறார்களா என்ற மூன்றையும் கவனியுங்கள். கேமரா பக்கையே துரத்தும். நீங்கள் வேண்டுமென்றே அதை விட்டுவிட்டு இவருடைய ஸ்டிக்கின் நுனியைப் பாருங்கள். பக் கிடைக்காத இடத்திலும் ஸ்டிக்கைத் தரையில் வைத்து எதிரணியின் பாஸ் போகும் பாதையை அடைத்துக்கொண்டே பின்னோக்கிச் சறுக்குவார். அதற்குப் புள்ளிவிவரத்தில் வரி கிடையாது. பயிற்சியாளர் அதற்காகத்தான் இவரைக் கேட்டு வாங்கியிருப்பார்.

மைக் சில்லிங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 முதல் 2009 வரை 12 என்எச்எல் அணிகளுக்கு ஆடியவர். ஒன்பது முறை மாற்றாகக் கொடுக்கப்பட்டவர். 1,049 ஆட்டங்கள், 240 கோல்கள். ஆயிரம் ஆட்டம் என்ற எல்லையைப் பெரும் நட்சத்திரங்கள் பலர் தொட்டதில்லை. ஃபேஸ்-ஆஃபும் தண்டனை நேரத் தடுப்பும் தெரிந்த நடுவில் ஆடும் ஒரு முன்கள ஆட்டக்காரரை யாரோ ஒருவர் எப்போதும் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதே அந்த ஏட்டின் பொருள்.

சில வேலைகள் காலத்தோடு மறைந்தும் போகும். சண்டைக்கென்றே வைத்திருந்த ஆட்டக்காரர்களின் காலம் முடிந்துகொண்டிருந்தபோது ஜான் ஸ்காட் என்பவர், என்எச்எல்லில் மொத்தம் ஐந்தே கோல் அடித்தவர், ரசிகர்களின் வாக்கில், லீகின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆடும் 2016 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்குள் அவரை அரிசோனா மான்ட்ரியலுக்குக் கொடுக்க, மான்ட்ரியல் அவரை நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள ஏஎச்எல் அணிக்கு அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அவரை ஆடவிட்டார்கள். ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதையும் அவரே வாங்கினார்.

இருபத்தாறு, இருபத்தேழு வயதில் நடப்பது

ஏட்டில் இந்த வயதுக்கு வரும்போது வேகத்தைக் குறையுங்கள். ஏஎச்எல் ஒரு வளர்ப்பு லீக். கோல்கீப்பர்கள் நீங்கலாகக் களமிறங்கும் 18 பேரில் பெரும்பாலானோர் வளரும் ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 260 தொழில்முறை ஆட்டங்களைத் தாண்டுவதுதான் அங்கே முக்கியமான எல்லை. ஆண்டுக்கு 72 ஆட்டம் என்றால் நான்காவது ஆண்டிலேயே அந்த எல்லை வந்துவிடும். ஈசிஎச்எல்லிலும் 260 ஆட்டம் கடந்தவர்கள் ஓர் அணிக்கு நால்வர்தாம். நேற்று வரை அனுபவம் இல்லை என்று காக்கவைக்கப்பட்டவர், இன்று அனுபவம் கூடிவிட்டது என்பதற்காக இடம் இழக்கிறார். இந்த விதி இளைஞர்களுக்கு நல்லது. ஆனால் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் திடீரென்று ஜெர்மனிக்குப் போய்விட்டதற்கு அவருடைய ஆட்டத்தில் குறை தேடுவது அநியாயம். ஏறத்தாழ அதே கட்டத்தில் இன்னொரு கதவும் திறக்கிறது: 25 வயதாகி, மூன்று தொழில்முறை சீசன்கள் முடித்து, என்எச்எல்லில் 80 ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடிய முன்கள, தடுப்பு ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் எந்த அணிக்கும் போகும் உரிமை பெறுகிறார்கள். ஆகவே அந்த ஆண்டுக்குப் பிறகான மாற்றங்கள் பலவும் அவரே எடுத்த முடிவுகள். ஏட்டில் அவற்றை வேறு மையில் எழுதுங்கள்.

ஐரோப்பாவில் சீசன் செப்டம்பரில் தொடங்கும். ஜெர்மனியின் முதன்மை லீகான டிஇஎல்லில் 14 அணிகள், 52 ஆட்டங்கள். பயணம் குறைவு, வீட்டில் உறங்கும் இரவுகள் அதிகம், அணியே வீடும் காரும் கொடுப்பது பரவலான வழக்கம். அங்கே முக்கியமான எண், வெளிநாட்டவர்க்கான இடங்கள்: ஜெர்மனியில் ஓர் ஆட்டத்தில் ஒன்பது பேர், சுவிட்சர்லாந்தில் ஆறு பேர். பாட்டனோ பாட்டியோ ஜெர்மானியராக இருந்ததால் அந்நாட்டுக் கடவுச்சீட்டுப் பெற்ற கனடியர் அந்த ஒன்பதில் சேரமாட்டார். அதனாலேயே அவருடைய மதிப்பு உயர்ந்துவிடும். எனவே ஆட்டக்காரரின் குடும்பப் பெயரையும் பிறந்த ஊரையும் பார்த்துவிட்டு, எந்தெந்த நாட்டுக் குடியுரிமை அவருக்கு இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனுக்குப் போகிறவர்களில் சிலர் ஆடிக்கொண்டே பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் படிக்கிறார்கள். முப்பது வயதில் சம்பளம் குறைந்த லீகுக்கு ஒருவர் போனதற்கு அது முழுமையான காரணமாக இருக்கலாம்.

குடும்பத்தையும் விட்டுவிடக் கூடாது. மனைவியின் வேலை, பிள்ளைகளின் பள்ளி, மருத்துவக் காப்பீடு ஆகியவை பல மாற்றங்களை முடிவு செய்கின்றன. ஆனால் பேட்டிகளில் ஒரு வாக்கியமாக மட்டுமே தலைகாட்டும். சில்லிங்கரின் மகன் கோல் சில்லிங்கர் 2003இல் கொலம்பஸில் பிறந்ததே தந்தையின் அணி மாற்றத்தால்தான். 2021 டிராஃப்டில் 12ஆவதாக அவரை எடுத்ததும் அதே கொலம்பஸ் அணி.

பெங்களூருவிலிருந்து பார்ப்பது

கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் குளிர்காலத்தில் காலை 5.30, மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 4.30. அலுவலகம் போகும் முன் ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதல் இரண்டைப் பார்த்துவிடலாம். நம் ஆட்டக்காரருக்கு அவை போதும், ஏனென்றால் அணி பின்தங்கியிருந்தால் கடைசிப் பகுதியில் அவரை இறக்குவது குறையும். ஐரோப்பாவுக்குப் போனவர்களைப் பார்க்க டிசம்பர் 26 முதல் 31 வரை சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நடக்கும் ஸ்பெங்லர் கோப்பையைத் தவறவிடாதீர்கள். 1923இல் தொடங்கிய அந்தப் போட்டியில் கனடா அணியில் பெரும்பாலும் ஐரோப்பிய அணிகளில் ஆடும் கனடியர்களே இருப்பார்கள். பிற்பகல் ஆட்டம் நமக்கு மாலையில் வரும். அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டால் ஏடு தொடங்குவதற்கு இருபது பெயர் ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஓய்வுக்கு முந்தைய வரிகள் பெரும்பாலும் ஆட்டக்காரரின் சொந்த மாநிலத்தை நோக்கியோ, முன்பு நன்றாக நடத்திய அணியை நோக்கியோ திரும்பும். பிரையன் ஹெல்மர் டிராஃப்டில் எடுக்கப்படாதவர், என்எச்எல்லில் 146 ஆட்டங்கள், ஏஎச்எல்லில் 1,117 ஆட்டங்கள். ஹெர்ஷி அணிக்குத் தலைவராக 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஏஎச்எல்லின் கால்டர் கோப்பையை வென்றார். பின்னர் அதே அணியின் ஹாக்கி நிர்வாகத்தைப் பொறுப்பேற்றார். ஆகவே கடைசி வரியோடு ஏட்டை முடிக்காமல், அதற்கடுத்த ஐந்து ஆண்டுகளில் அவர் பயிற்சியாளராகவோ திறமை தேடுபவராகவோ எங்கே வேலைக்குச் சேர்ந்தார் என்று பார்த்து, அந்த அணிக்கு முன்பு அவர் வந்த வழி எது என்பதை ஆறாவது பத்தியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிறகு, ஏதேனும் ஒரு மாற்றத்தில் அவருக்குப் பதிலாக மறுபக்கம் போனவரின் பெயரை எடுத்து அடுத்த பக்கத்தைத் தொடங்கலாம்; ஒரே ஒப்பந்தம் இரண்டு வாழ்க்கைகளில் எப்படி விழுந்தது என்பதை அப்போதுதான் பார்க்க முடியும்.